மூணு படி இருக்கு

முசிறிக்கு மேற்கே, காவிரிக்கரையில் ஒரு சின்ன ஆசிரமம் இருந்தது. ஒரு கூடம், நாலு அறை, ஒரு சமையல்கட்டு. கூடத்திலிருந்து முற்றத்தில் இறங்க மூன்று படி. அதை நடத்தியவர் வேதவல்லி அம்மாள். வயது நாற்பத்தாறுதான். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலையில் கீரை ஆய்வார், மாலையில் வந்தவர்களின் கேள்விக்குப் பதில் சொல்வார். சில நாள் இரண்டையும் சேர்த்தே செய்வார்.

அங்கே வந்து சேர்ந்த பொன்னுரங்கம், குருவைவிடப் பதினேழு வயது மூத்த சீடர். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"என்ன வேணும் ஐயா?" என்று குரு கேட்டார்.

"அமைதி வேணும்மா. தூக்கம் இல்லை. நெஞ்சுக்குள்ள ஒரே படபடப்பு. டாக்டர் பிரஷர்ங்கறாரு. எனக்கென்னமோ கோபம்னு தோணுது."

"சத்தம் போடுவீங்களா?"

"ஒரு நாளும் போட்டதில்லை."

அது பொய்யில்லை. சத்தம் போடுவது இருக்கட்டும், மனைவி தனபாக்கியத்திடம் அவர் பேசியே ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பெரிய மகன் கல்யாணப் பந்தியில் சாம்பாரைப் பற்றி இவர் ஏதோ ஆரம்பிக்க, சம்பந்தி வீட்டார் முன்னால் அவள், "கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டாள். மூடினார். கொஞ்ச நேரம் ஒன்பது வருஷமாக நீண்டது. காபி வேண்டுமென்றால் டம்ளரைத் தரையில் ஒரு தட்டு தட்டுவார். அவளும் சொல்ல வேண்டியதையெல்லாம் வீட்டுத் தூணைப் பார்த்துச் சொல்லப் பழகிக்கொண்டாள். மகன்கள் இருவரும் துபாய்க்குப் போனபின் வீட்டில் அவள், அவர், தூண் என்று மூன்று பேர்தான்.

இதை அவர் குருவிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயம் என்றே அவருக்குப் படவில்லை.

புதிதாக வருகிறவர்கள் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், மௌனம் இருந்து பார்ப்பது அங்கே வழக்கம். அவசரத்துக்கு எழுதிக் காட்ட ஒரு சிலேட்டும் பலப்பமும் கொடுப்பார்கள். பெரும்பாலும் யாரும் முடித்ததில்லை. மிளகாய் மண்டி கோதண்டம் மூன்றாம் நாளே, வடையைத் தூக்கிக்கொண்டு போன காக்காயைத் திட்டித் தோற்றார்.

பொன்னுரங்கத்துக்கோ அது மீனைத் தண்ணீரில் விட்ட மாதிரி இருந்தது. பத்து நாள் போனது, இருபது நாள் போனது, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. வந்தவர்கள் எல்லாம் அவரைக் காட்டி, "இதல்லவா வைராக்கியம்!" என்றார்கள். கோதண்டம் அவரைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள ஆரம்பித்தார்.

பொன்னுரங்கம் வியந்து பார்த்ததோ குருவை. ஒரு நாள் சமையல்கட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது. இருந்தவர்கள் எல்லாம் குதித்தார்கள். வேதவல்லி அம்மாள் சோற்றுப்பானையை இறக்கி வைத்துவிட்டு, "வழி விடுங்க, அதுக்கும் பயமாத்தான் இருக்கும்" என்றார். பாம்பு போனதும் கஞ்சி வடித்தார். இந்த நிதானம் ஒன்று கிடைத்துவிட்டால் போதும், பிறந்ததற்குப் பலன் உண்டு என்று பொன்னுரங்கம் மனதார ஆசைப்பட்டார்.

நாற்பதாம் நாள் சிலேட்டை நீட்டினார். 'மனதில் அலையே இல்லை. இதுதானே அமைதி?'

குரு கீரையை ஆய்ந்துகொண்டே படித்தார். "தெரியலை ஐயா. யாராவது வரட்டும், பார்ப்போம்."

'யார்?' என்று எழுதினார்.

"வர்றவங்க."

நாற்பத்தேழாம் நாள் காலையில் தனபாக்கியம் வந்தாள்.

கண்டக்டர் வாசல்வரை கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிட்டு, அரை மணியில் இதே பஸ் திரும்பும் என்று சொல்லிப் போனார். அவள் காலால் தடவித் தடவிப் படியேறினாள். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது.

"வாங்கக்கா" என்று குரு கூப்பிட்டு, மோர் கொடுத்து உட்கார வைத்தார். பொன்னுரங்கம் எதிரில் அசையாமல் இருந்தார். உள்ளே மட்டும் அந்தப் பழைய படபடப்பு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்துவிட்டது.

தனபாக்கியம் கையால் துழாவிப் பக்கத்திலிருந்த தூணைக் கண்டுபிடித்தாள். அதைப் பார்த்துச் சொன்னாள்.

"நாளைக்குக் காலையில திருச்சியில கண் ஆபரேஷன். முதல்ல வலது கண்ணு. பக்கத்து வீட்டு ரேவதி கூட வர்றேன்னிருக்கா. ஒண்ணும் தொந்தரவு இல்லை. சொல்லாமப் போகக் கூடாதுன்னு வந்தேன்."

குரு தூணைப் பார்த்தார். பிறகு பொன்னுரங்கத்தைப் பார்த்தார்.

"எத்தனை நாளா அக்கா தூண்கிட்ட?"

"பெரியவன் கல்யாணத்திலேருந்து. வர்ற தையோட ஒன்பது வருஷம்" என்றாள் தனபாக்கியம். "பழகிப்போச்சும்மா."

பொன்னுரங்கத்துக்கு முகம் சுட்டது. சிலேட்டை எடுத்தார். அழித்து அழித்து, அழகான கையெழுத்தில் எழுதினார். 'பயப்படாதே. நாளை ஒரு நாள்தான் பாக்கி. விரதம் முடிந்ததும் வந்துவிடுகிறேன்.' ஒன்பது வருஷத்தில் அவளுக்கு அவர் எழுதிய முதல் வரி. அவள் மடியில் வைத்தார்.

தனபாக்கியம் சிலேட்டைக் கண்ணருகே கொண்டுபோனாள். தள்ளிப் பிடித்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"வெள்ளையா ஏதோ தெரியுது. எழுத்தா, கோடான்னு தெரியலையே" என்று தூணிடம் சொன்னாள்.

பொன்னுரங்கம் சிலேட்டை வாங்கிக் குருவிடம் நீட்டினார். படித்துச் சொல்லுங்கள் என்று சைகை காட்டினார்.

குரு குனிந்து பார்த்தார். "என் கண்ணாடியைக் காணோமே ஐயா."

அது அவர் மூக்கின்மேல்தான் இருந்தது. பொன்னுரங்கம் விரலால் சுட்டிக் காட்டினார்.

"அட, ஆமா." குரு கண்ணாடியைக் கழற்றினார். நிதானமாகத் துடைத்தார், மடித்தார், முந்தானையில் முடிந்துகொண்டார். மறுபடி சிலேட்டைப் பார்த்தார்.

"இப்ப சுத்தமாத் தெரியலை" என்றார்.

வெளியே பஸ் ஹாரன் கேட்டது.

தனபாக்கியம் எழுந்தாள். சிலேட்டை எடுத்துப் பையில், மாற்றுப்புடவை மடிப்புக்குள் அழியாமல் வைத்தாள். "கண்ணு தெரிஞ்சதும் படிச்சுக்கிடறேன்" என்றாள். இந்தத் தடவை தூணின் பக்கம் திரும்பவில்லை. யார் பக்கமும் திரும்பவில்லை.

முற்றத்தை நோக்கி நடந்தாள். கூடத்தின் விளிம்பு வந்தது அவளுக்குத் தெரியவில்லை என்று பொன்னுரங்கம் நினைத்தார். ஒரு கால் அந்தரத்தில் போனது.

"பார்த்து... மூணு படி இருக்கு."

கரகரத்து, யாருடைய குரலோ போல வந்தது. கீரைக்கட்டோடு வந்த கோதண்டம் அப்படியே நின்றுவிட்டார்.

தனபாக்கியம் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். திரும்பவில்லை. கொஞ்ச நேரம் அவள் தோள் மட்டும் குலுங்கியது.

"தெரியும்" என்றாள். "வர்றப்ப எண்ணிக்கிட்டுத்தான் வந்தேன்."

"எண்ணினா மட்டும் போதுமா? நடுப்படி உடைஞ்சு கிடக்கு. கையைக் குடு."

கொடுத்தாள். ஒவ்வொரு படியாக இறக்கிவிட்டார். இறங்கிய பிறகும் கையை விடவில்லை.

"காலையில எத்தனை மணிக்கு?"

"ஏழுக்கு வரச் சொன்னாங்க."

"வெறும் வயித்திலயா?"

"அதைக் கேட்டுக்க மறந்துட்டேன்."

"கேட்டுக்க வேணாமா? இரு, வர்றேன். ரேவதியை அலைய வைக்காதே."

இதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம் வந்தது. குரலும் சற்று உயர்ந்தது. தனபாக்கியம் தலையை நிமிர்த்தி, கோயிலில் மேளச்சத்தம் கேட்பவளைப் போலக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

கோதண்டம் ஓடிப்போய் பஸ்ஸை நிறுத்திவைத்தார். பொன்னுரங்கம் இரண்டு வேட்டியையும் துண்டையும் மூட்டை கட்டிக்கொண்டு குருவின் முன் வந்து நின்றார். கண்ணாடி குருவின் மூக்குக்குத் திரும்பியிருந்தது. கீரையும் திரும்ப வந்திருந்தது.

"அம்மா, நெஞ்சு படபடன்னு அடிக்குது. நாற்பத்தேழு நாள் இருந்த அமைதி ஒரு நொடியில போயிடுச்சு. ஒரே ஒரு நாள்தான் பாக்கி இருந்துச்சு. விரதமும் முறிஞ்சுபோச்சு."

வேதவல்லி அம்மாள் பழுத்த இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"எது முறிஞ்சுது ஐயா? நாற்பத்தேழு நாள் விரதமா, ஒன்பது வருஷ விரதமா?"

பொன்னுரங்கம் பழக்கத்தில் இடுப்பருகே சிலேட்டைத் தேடினார். அது தனபாக்கியத்தின் பையில் இருந்தது.