கூரையில்லாத கார்

"மாஸ்டர், இதுக்குக் கூரையே இல்லீங்களே. மழை வந்தா என்ன பண்றது?"

ஆறாவது ஞாயிற்றுக்கிழமையாகக் கோதண்டபாணி இதையே கேட்டார்.

கேட்டவருக்கு வயது அறுபத்தொன்று. பதில் சொல்ல வேண்டிய ரெஜினாவுக்கு முப்பத்து மூன்று. பொள்ளாச்சி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறாள். அவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். அதனால் அவள் மாஸ்டர், அவர் சிஷ்யர். வயசைப் பார்த்தா வித்தை வருது?

விற்பனைக்கு நின்றது ஒரு பழைய எம்.ஜி. இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை, இரண்டே இருக்கை. முன்னால் ஒரு கண்ணாடி, மேலே வானம். கேன்வாஸ் கூரை எந்தக் காலத்திலோ தொலைந்துபோனது.

அதைப் பார்த்தாலே கோதண்டபாணிக்குப் பேச்சு நின்றுவிடும். சன்னதியில் நிற்கிற மாதிரி கைகட்டி நிற்பார். ஏறி உட்காரச் சொன்னால் மட்டும் மாட்டார்.

மனிதர் பார்த்த வேலை அப்படி. முப்பத்தொரு வருஷம் வானிலை ஆபீஸில் மழையை அளந்தார். தினமும் காலை எட்டரைக்குக் குடை பிடித்துக்கொண்டு போய் மழைமானியைப் பார்ப்பார். அவ்வளவு மழையை அளந்தவர், ஒரு நாள்கூட நனைந்ததில்லை.

"ஒரு கூரை போட்டுக் கொடுங்க மாஸ்டர். இப்பவே எடுத்துக்கறேன்."

"நாலு மணிக்கு இதை வாங்கப் பெங்களூர்க்காரர் ஒருத்தர் வர்றாருங்க சார். அவர் கூரை கேக்கல."

"அவர் என்ன பண்ணுவாரு?"

"ஓட்டல் வாசல்ல கண்ணாடி ரூம் கட்டி உள்ள நிறுத்துவாராம். ஒரு சொட்டு மழை படாது."

"அப்ப ஓட்ட மாட்டாரா?"

"மாட்டாரு."

கோதண்டபாணி கட்டிய கையைப் பிரித்து வண்டிக் கதவைத் தொட்டார்.

ரெஜினா சாவியை எடுத்தாள். "ஏறுங்க."

"மழை வர்ற மாதிரி இருக்குதே மாஸ்டர்."

"காலைல நீங்கதானே மழை இல்லேன்னு சொன்னீங்க?"

சொன்னார்தான். அவர் மழை இல்லை என்றால் பக்கத்து வீட்டில் கொடித் துணியை எடுத்து உள்ளே வைப்பார்கள். அவர் ராசி அது.

குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறப் போனார். அவள் அதை வாங்கி பெஞ்சில் வைத்தாள்.

ஊரைத் தாண்டி ரோடு நேராக நீண்டது. தூறல் தொடங்கியது. பிறகு மழையே வந்துவிட்டது.

"நிறுத்துங்க மாஸ்டர்! அந்தப் புளியமரத்தடியில நிறுத்துங்க!"

அவள் நிறுத்தவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். ஐம்பது. அறுபது. எழுபது.

கோதண்டபாணி கண்ணை இறுக மூடிக்கொண்டார். நனையப் போகிறோம் என்று காத்திருந்தார்.

நனையவில்லை.

கண்ணைத் திறந்தார்.

ரோட்டோரத்தில் சைக்கிள்காரர் தொப்பலாக நனைந்துகொண்டிருந்தார். இவர் சட்டை காய்ந்திருந்தது. மழை நேரே கண்ணாடியைப் பார்த்து வந்தது, கிட்டே வந்ததும் வேகக் காற்றில் எழும்பியது, இருவர் தலைக்கும் மேலாகப் பறந்து வண்டிக்குப் பின்னால் போய் விழுந்தது.

"அட சாமி! மேல போகுதுங்க மாஸ்டர்! மழை மேல போகுது!"

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. கையைத் தூக்கப் பயந்து மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"முப்பத்தொரு வருஷம்... மழைன்னா கீழ விழும்னு மட்டும்தானுங்க எனக்குத் தெரியும்."

அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.

தூரத்தில் ரயில்வே கேட் இறங்குவது தெரிந்தது.

"மாஸ்டர், கேட்டு போடறாங்க. நின்னா என்ன ஆகும்?"

"நனைவோம் சார்."

வண்டி நின்றது. மழை அண்டாவோடு கவிழ்த்த மாதிரி கொட்டியது. சட்டை, வேட்டி, மூக்குக் கண்ணாடி எதுவும் தப்பவில்லை. கோதண்டபாணி வானத்தை அண்ணாந்து பார்த்து, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். கூட்ஸ் வண்டி நிதானமாகப் போய் முடிந்தது.

கேட் ஏறியது.

"இறங்கி இந்தப் பக்கம் வாங்க மாஸ்டர்" என்றார் கோதண்டபாணி. "என் வண்டியை நான் ஓட்டறேன்."