அடுத்த ஏடு

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்பதை விட்டுவிடுவோம், ஓர் அரசர் இருந்தார். அவருடைய மகள் அல்லியங்கோதைக்குப் படிப்பு ஏறவில்லை. மூன்று ஆசிரியர்கள் வந்து தோற்றுப் போனார்கள்.

சுவடி அறை அதிகாரி திருமேனிநாதர் அரசரின் காதில் ஒரு யோசனை போட்டார். ஊரையே சிரிக்க வைக்கும் விகடன் கூத்தப்பன் ஒரு பிள்ளையைப் படிக்க வைக்க மாட்டானா என்றார். கூத்தப்பன் ஓர் ஏட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை அவர் ஒருமுறை பார்த்திருந்தார்.

அரசருக்கு யோசனை பிடித்துவிட்டது. கூத்தப்பனை அழைத்துச் சொன்னார்.

"ஒரு மண்டலம் தருகிறேன். நாற்பத்தெட்டாம் நாள் பாடம் நடக்கும் அறையிலிருந்து படிக்கத் தெரியாதவர் எவரும் வெளியே வரக்கூடாது. வந்தால் உனக்கு இந்த நாட்டில் இடமில்லை."

கூத்தப்பனுக்கே படிக்கத் தெரியாது. ஏழு வயதில், எழுத்துக்கு ஏன் இந்த வளைவு என்று கேட்டதற்குப் பிரம்படி வாங்கி எழுந்து போனவன் அவன். மறுபடி பள்ளிப் பக்கம் போகவில்லை. அதன் பிறகு நாற்பது வருடமாக, எவராவது ஏடு பிரித்தால் அருகில் போய் நின்றுகொள்வான். படிப்பவர் நிறுத்தினால் அவனுக்கும் அத்தோடு சரி. மிச்சம் என்னவென்று கேட்க வெட்கம். படிக்கிற குரல் தினமும் கேட்கும் இடம் அரண்மனை ஒன்றுதான். அதை இழப்பதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

முதல் நாள் மணல் பரப்பிய பலகையின் முன் இளவரசி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு எழுத்துத் தெரியாது, தாயி. உனக்குத் தெரிஞ்சதை எனக்குச் சொல்லு."

"பொய். பெரியவங்களுக்கு எல்லாம் தெரியும்."

"எனக்குத் தெரியாது."

அவள் நம்பாமல் ஓர் எழுத்தை எழுதிக் காட்டினாள். அவன் அதைக் கோணலாக எழுதினான். நடிக்கவில்லை, நடித்திருந்தால் அப்போதே கண்டுபிடித்திருப்பாள். கையைத் தட்டிவிட்டுத் திருத்தினாள். இதற்கு ஏன் வால் என்று கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. பழைய ஆசிரியர் ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள். மறுநாள் அவனுக்கு முன்பே வந்து காத்திருந்தாள். அவன் கேள்விகள் தீரவில்லை. நாற்பது வருடத்துக் கேள்விகள் அவை. ஒவ்வொன்றுக்கும் அவள் ஓடினாள், படித்தாள், வந்து அவனைத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தாள்.

நாற்பத்தெட்டாம் நாள் சபை கூடியது. திருமேனிநாதர் ஒரு சுவடிக் கட்டின் நடுவிலிருந்து ஓர் ஏட்டை உருவிக் கூத்தப்பனிடம் நீட்டினார்.

"ஆணையில் எவரும் என்று இருக்கிறது, மன்னா. முதலில் ஆசிரியர் படிக்கட்டும்."

கூத்தப்பன் விரல் வைத்துத் தட்டுத் தடுமாறிப் படித்தான். புயலில் தப்பிய மாலுமி ஒருவன் ஆளில்லாத தீவில் ஒரு குடிசையைக் காண்கிறான். கதவைத் தட்டுகிறான். உள்ளிருந்து, பல வருடங்களுக்கு முன் கடலில் காணாமல் போன அவன் தம்பியின் குரல் கேட்கிறது. அங்கே ஏடு முடிந்தது.

திருமேனிநாதர் முகம் கறுத்தது. இந்தப் பிள்ளைதான் இவனுக்குக் கற்றுத் தந்திருக்கிறாள், இது ஏமாற்று என்றார்.

"யார் யாருக்குக் கற்றுத்தர வேண்டும் என்று ஆணையில் இல்லையே, மன்னா" என்றான் கூத்தப்பன்.

இளவரசி இந்த வழக்கைக் காதில் வாங்கவே இல்லை. அவன் தோளுக்கு மேல் எட்டி அந்த ஏட்டை அவளும் படித்து முடித்திருந்தாள்.

"அடுத்த ஏடு எங்கே?" என்றாள்.

கூத்தப்பனும் அதையே கேட்க வாயெடுத்திருந்தான். அரசர் திருமேனிநாதர் பக்கம் திரும்பினார்.

"அடுத்து என்ன வருகிறது?"

"தெரியாது, மன்னா."

"முப்பது வருடமாக உம்மிடம்தானே இருக்கிறது?"

"செல்லரிக்காமல் காத்து வந்திருக்கிறேன், மன்னா. படித்ததில்லை."

அரசர் சிரிக்கத் தொடங்கினார். அரியணையின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சுவடி அறைச் சாவியை வாங்கிக் கூத்தப்பனிடம் கொடுத்து, இனி அந்த அறை உன் பொறுப்பு என்றார்.

இளவரசி அதற்குள் படியிறங்கிவிட்டாள். கூத்தப்பன் வணங்கக்கூட மறந்து அவள் பின்னால் ஓடினான்.

"அந்தத் தம்பி உயிரோடு இருக்கிறானா என்று எனக்கும் வந்து சொல்" என்று அரசர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.