சுவர்ப் பக்கம்

“அவனைக் கிளப்பி விடுங்க அம்மணி. இல்லைன்னா நான் கிளம்பறேன்.”

நாச்சிமுத்து நீச்சல் குளத்தின் விளிம்பில் நின்று கத்தினார். கூரை போட்டு, கண்ணாடி வைத்து மூடிய குளம். கத்தினால் எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வரும்.

வந்தது.

பயிற்சியாளர் ஜெனோவா தரையில் உட்கார்ந்து அறுந்த மிதவைக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள். தூத்துக்குடிக்காரி. அவர் மகள் வயதுதான் இருக்கும். அவள் நிமிரவில்லை.

“யாரை அண்ணாச்சி?”

“வேற யாரை? என் சகலையைத்தான்.”

சகலை ஈஸ்வரமூர்த்தி இரண்டாவது லேனில் போய்க்கொண்டிருந்தார். தண்ணீர் கலையாமல் போனார். ஒரு மூச்சு வலப்பக்கம், அடுத்த மூச்சு இடப்பக்கம். எண்ணெய் போட்ட கதவு மாதிரி கழுத்து திரும்பியது.

நாச்சிமுத்துவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அந்த ஆளை இங்கே கூட்டி வந்ததே இவர்தான். இவருக்கு முதுகுத்தண்டு தேய்ந்து போயிருந்தது. மழையோ பனியோ, வருஷம் முழுக்க நீந்தணும், நிறுத்தினால் கத்திதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வருஷம் முழுக்க என்றால் வெந்நீர்க் குளம். வெந்நீர்க் குளம் என்றால் சந்தா. தனியாளாக நின்று டைல்ஸ் கடையைத் தூக்கி நிறுத்தியவர், சொன்ன விலைக்கா வாங்குவார்? மேஜையைத் தட்டிப் பேரம் பேசினார். இரண்டு குடும்பமாகச் சேர்ந்தால் குறைப்போம் என்றார்கள்.

வீட்டுக்குப் போய்ச் சகலையை இழுத்து வந்தார்.

“ஏனுங் அம்மணி, ஒரே தண்ணி. ஒரே சூடு. ஒரே நாள்ல சேர்ந்தோம். அவனுக்கு ரெண்டு பக்கமும் மூச்சு வருது. எனக்கு வலப்பக்கம் மட்டுந்தான். என்னங்க நாயம் இது?”

“இடப்பக்கமும் சொல்லிக் கொடுத்தேனே.”

“கொடுத்தீங்க. குழந்தைங்க குளத்துல பலகையைக் கட்டிப் புடிச்சுட்டு, பாதிக் குளத்தைக் குடிச்சேன். அப்புறம் சொல்லிக் கொடுக்கறதையே நிறுத்திப் போட்டீங்க. ஏன் நிறுத்துனீங்க?”

“தேவையில்லைன்னு தோணிச்சு.”

“பார்த்தீங்களா! இந்த ஆளுக்கு வராதுன்னு கை கழுவிட்டீங்க.”

ஜெனோவா முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.

“அவன்கிட்ட அப்படி என்னங்க இருக்கு? மூத்த மாப்பிள்ளைன்னு எனக்குப் பேருதான். மாமனார் வீட்ல முதல் இலை அவனுக்குத்தான் விழும். நான் டைல்ஸ் பெட்டியைத் தோள்ல தூக்கி மேல வந்தவன். அவன் உக்காந்த இடத்துல இருந்தே வந்தவன். இங்கயாவது ஒரு அடி முந்தலாம்னு பார்த்தேன். இதையும் புடுங்கிட்டான்.”

“உங்களை எதாச்சும் சொன்னாரா?”

“சொன்னாத்தான் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பனே. சிரிக்கறான் அம்மணி. போறப்பவும் சிரிக்கறான். வர்றப்பவும் சிரிக்கறான்.”

“மூச்சுக்குத்தான் வாயைத் தொறக்காரு அண்ணாச்சி.”

“எது மூச்சு, எது சிரிப்புன்னு எனக்குத் தெரியாதா?”

அவள் அடுத்த முடிச்சைப் போட்டாள். அது அவரை இன்னும் கிளப்பியது.

“ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. அவனை வேற நேரத்துக்கு மாத்துங்க. இல்லைன்னா என் சந்தாவைத் திருப்பிக் கொடுங்க.”

“அப்ப முதுகு?”

“போனாப் போகுது. தினமும் இவனைப் பார்த்து வேகறதுக்கு ஆஸ்பத்திரியில கவுந்து படுத்துக்கறேன்.”

ஜெனோவா கயிற்றைக் கீழே வைத்தாள்.

“சரி அண்ணாச்சி. மாத்திருவோம். அதுக்கு முன்னால ஒரு தடவை போயிட்டு வாங்க.”

“எதுக்கு?”

“இன்னிக்கு நாளுக்கும் சேர்த்துத்தானே சந்தா கட்டியிருக்கீக. விட்டுட்டா போவீக?”

விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். தொப்பியை இழுத்து மாட்டினார். முதல் லேனில் இறங்கினார். சுவரை ஒட்டிய லேன். ஒரு பக்கம் இடிக்க ஆளே இருக்காது என்று சண்டை போட்டு வாங்கியது.

சகலை திரும்பி வந்து சுவரை உதைத்த அதே நொடியில் இவரும் உதைத்தார்.

போனார்கள். வந்தார்கள்.

நாச்சிமுத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரைத்தார்.

“பார்த்தீங்களா? போறப்ப ஒரு முழம் முந்தினான். வர்றப்ப நான் எட்டிப் புடிச்சேன். புடிச்சது பொறுக்காம, அந்தக் கோடியிலருந்து இந்தக் கோடி வரைக்கும் வாயைப் பொளந்து சிரிச்சுட்டே வர்றான்.”

“வர்ற வழி பூராவும் பார்த்தீகளா?”

“ஒவ்வொரு மூச்சுக்கும் பார்த்தேன்.”

“அப்படியே என்னையப் பார்த்தே ஒண்ணு சொல்லுங்க. தலையைத் திருப்பக் கூடாது. உங்க வலக்கைப் பக்கம் சுவர் இருக்குல்லா, அதுல என்ன டைல்ஸ் ஒட்டியிருக்கு?”

நாச்சிமுத்து சிரித்துவிட்டார். கேட்பதற்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா இவளுக்கு?

“டைல்ஸ் கடைக்காரன்கிட்டக் கேக்கற கேள்வியா அம்மணி இது? அது வந்து…”

வரவில்லை.

வெள்ளையா? நீலமா? பளபளப்பா, சொரசொரப்பா?

“கண்ணாடி இல்லாம எனக்குச் சரியாத் தெரியாதுங்க.”

“சகலை சிரிப்பு தெரியுதே.”

நாச்சிமுத்து சுவரைத் திரும்பிப் பார்த்தார். கை நீட்டினால் தொடலாம். தண்ணீருக்குச் சற்று மேலே, குளத்தின் நீளத்துக்கும் ஒரு வரிசை மீன் டைல்ஸ் ஓடியது. நீல மீன்கள். நடுவில் ஒரு மீனை மட்டும் எவனோ தலைகீழாக ஒட்டியிருந்தான். அவர் வேலையில் எவனாவது இப்படி ஒட்டியிருந்தால் அன்றைக்கே சிமெண்ட் சட்டியோடு விரட்டியிருப்பார்.

“இதை எப்பங்க ஒட்டுனாங்க?”

“குளம் கட்டுன அன்னிக்கே.”

“நான் பார்த்ததே இல்லையே.”

“வலப்பக்கம் மட்டும் மூச்சு வாங்குதவரு, திரும்பி வரும்போது இதைத் தவிர வேற எதைப் பார்த்திருக்க முடியும் அண்ணாச்சி?”

வரும்போது சகலை இருந்தது இடப்பக்கம்; அப்படியானால் வழி பூராவும் மூச்சு வாங்கியதும் இடப்பக்கம்தான்.

கழுத்தை மெதுவாக வலப்பக்கம் திருப்பினார். தலைகீழ் மீன்.

இடப்பக்கம் திருப்பினார். மிதவைக் கயிற்றில் கையைப் போட்டுக்கொண்டு சகலை நின்றிருந்தார். இந்த முறை நிஜமாகவே சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங் சகலை, நின்னுட்டீங்க? மூச்சு வாங்குதா?” என்றார் ஈஸ்வரமூர்த்தி.

ஜெனோவா மூக்குக் கண்ணாடியை நீட்டினாள்.

“இவரை எந்த நேரத்துக்கு மாத்தட்டும்?”

நாச்சிமுத்து கண்ணாடிக்குக் கை நீட்டவில்லை.

“அவனை எங்கயும் விட்டுறாதீங்க அம்மணி,” என்று சொல்லிவிட்டுச் சுவரை உதைத்தார்.