சிரிப்பு தானா வருது மாமா

படுத்துட்டியா தென்றல்? அத்தை தட்டிக் குடுத்துக்கிட்டே சொல்றேன். நான் நிறுத்தற இடத்துல எல்லாம் "ம்" சொல்லணும்.

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. பேரு செவ்வந்தி. விரலை நீட்டினாலே போதும், உடம்பெல்லாம் கூசும் அவளுக்கு.

"ம்."

அவளோட தாய்மாமன் வேலுச்சாமி. டுபுடுபுன்னு புல்லட்டுல வருவார். வண்டி நிக்கறதுக்குள்ள இவ ஓடிப்போயிடுவா, அவ்ளோ பிரியம். மாமா தூக்கி வெச்சு கிச்சுகிச்சு மூட்டுவார். கிக்கிக்கி, கிக்கிக்கி! முதல்ல நல்லாத்தான் இருக்கும். அப்புறம் மூச்சு முட்டும். அப்புறம் வயிறு வலிக்கும். "போதும் மாமா!"ம்பா. "சிரிச்சுக்கிட்டே போதும்ங்கறா பாரு கள்ளி!"ன்னு மாமா இன்னும் மூட்டுவார்.

"ம்."

அப்போ அம்மாகிட்ட போய்ச் சொன்னா. "ஆசையா விளையாடறான்டி"ன்னுட்டு அம்மா அரிசி களையப் போயிட்டா. அப்புறம் ஒருநாள் டுபுடுபு கேட்டதும் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சா. மாமா காலைப் பிடிச்சு சர்ர்ருன்னு இழுத்து, அங்கேயே மூட்டினார். கண்ணுல தண்ணி. அதுவும் சிரிச்சுக்கிட்டே.

"பாவம்."

அப்புறம் அவளுக்குக் காதுகுத்து வந்துது. தள்ளித் தள்ளிப் போயி ஏழு வயசுலதான் வெச்சாங்க. தாய்மாமன் மடியில உட்கார வெச்சுத்தானே குத்தணும்? மாமா பட்டு வேட்டி கட்டி, தட்டுத் தட்டா சீர் கொண்டுவந்து, மணையில உட்கார்ந்துட்டார். மேளம் டும்டும்டும். ஆசாரி ஊசியோட காத்திருக்கார். செவ்வந்தி மட்டும் நிக்கறா.

"உட்காரு செல்லம்."

"மாட்டேன்."

மேளம் நின்னுடுச்சு.

"ஊசியைப் பார்த்துப் பயந்துட்டா"ன்னு யாரோ சொன்னாங்க.

"ஊசிக்குப் பயமில்ல. மாமா கைக்குத்தான் பயம்."

மாமா முகம் செவந்துபோச்சு. "இத்தனை பேர் முன்னாடி மானத்தை வாங்கறியே, நான் என்னடி பண்ணேன்?"

"போதும்னா நிறுத்த மாட்டேங்கறீங்க."

"நீதான் சிரிச்சியே!"

"சிரிப்பு தானா வருது மாமா. போதும்னு நான் சொல்றேன்."

"ம்..."

நல்ல நேரம் போகுதுன்னு அம்மா கையைப் பிடிச்சு இழுத்தா. இவ காலை ஊனிக்கிட்டா. அசையலை. மாமா தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம், "விடுக்கா அவளை"ன்னார். "இப்போ மாமா என்ன செய்யணும், சொல்லு."

"ஒரு தடவை மூட்டுங்க."

மூட்டினார். கிக்கிக்கி! "போதும்."

கையை வெடுக்குன்னு எடுத்துட்டார். செவ்வந்தி எண்ணிப் பார்த்தா. ஒண்ணு. ரெண்டு. மூணு. கை திரும்பி வரலை.

அப்புறம் அவளே போய் மடியில ஏறி உட்கார்ந்தா. "இப்போ குத்துங்க." சுருக்! சுருக்!

"அழுதாளா அத்தை?"

ஓன்னு அழுதா. அழுதுக்கிட்டே மாமா கையை அவளே இழுத்துப் பிடிச்சுக்கிட்டா.

"அத்தை."

"என்னடா?"

"தட்டினது போதும்."

சரி. எடுத்துட்டேன் பாரு கையை. தோடு போட்டாச்சு, கதையும் ஆச்சு. கண்ணை மூடிக்கோ.