மரவட்டைக்கு வரவேண்டிய சக்கரம்

மரவட்டைக்கு முதலில் அநியாயம் செய்தது மரங்கொத்திதான். மழை பிறகுதான் வந்தது. அதன்மேல் பழி போடக் கூடாது.

அந்தக் காலத்தில், பூச்சியும் பறவையும் வாய் திறந்து பேசிக்கொண்டு, அவரவர் வீட்டில் அடுப்பு மூட்டி வாழ்ந்தபோது, பட்டுப்போன ஒரு மாமரத்தின் அடியில் மரவட்டை குடும்பம் நடத்தியது. அந்த வருஷம் ஐப்பசி பிறக்கும் முன்பே முட்டை பொரித்து வீடு நிறையக் குஞ்சுகள். பிறந்த குஞ்சுக்கு ஆறு கால்கள்தான். மற்ற கால்கள் எல்லாம் முளைத்து முடியும்வரை அடுப்பு அணையாமல் வீடு சூடாக இருக்க வேண்டும்.

விறகு வெளியே கிடந்தது. கிழக்கே சாரல் அடித்தால் மேற்குப் பக்கம் மாற்ற வேண்டும், மேற்கே அடித்தால் கிழக்குப் பக்கம். இத்தனை கால் இருந்து என்ன, கை இல்லையே. முதுகில் ஒரு சுள்ளியை ஏற்றினால் பாதி வழியில் வழுக்கி விழுந்தது. அதனால்தான் மரவட்டை, தச்சுவேலை தெரிந்த மரங்கொத்தியைக் கூப்பிட்டது.

"ஆசாரியாரே, விறகு அடுக்க ஒரு மரச்சட்டம் வேணும். அடியில நாலு சக்கரம். சாரல் எந்தப் பக்கம் வந்தாலும் மறுபக்கம் தள்ளிட்டுப் போயிடணும்."

"செஞ்சிடலாம் அண்ணாச்சி. கூலி?"

"இந்த மாமரத்துக்குள்ள இருக்கிற புழு பூரா உமக்குத்தான்."

மரங்கொத்தி அன்றே சட்டத்தைச் செதுக்கி நிறுத்திவிட்டது. சக்கரத்துக்கு அளவு வேண்டும் அல்லவா? மரவட்டையை மேலும் கீழும் பார்த்தது.

"கொஞ்சம் சுருண்டு காட்டுங்க அண்ணாச்சி."

மரவட்டை சுருண்டது. மரங்கொத்தி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தது. "நானும் எத்தனையோ வட்டம் பார்த்திருக்கேன். இப்படிக் கோணல் இல்லாத வட்டம் பார்த்ததில்ல. நடுவுல அச்சு போக ஓட்டைகூடச் சரியா இருக்கு."

இத்தனை கால் வைத்துக்கொண்டு இவ்வளவு மெதுவாகவா நடப்பாய் என்று கேட்டவர்கள்தான் அதுவரை உண்டு. நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில் மரங்கொத்திதான் முதல் ஆள். ஒருமுறை எடுத்த அளவே போதும் என்றாலும், ஒவ்வொரு சக்கரத்துக்கும் மரவட்டை தானாகவே போய்ச் சுருண்டு படுத்தது. மரங்கொத்தி ஒரு சக்கரம் செய்யும், மரத்தில் ஏறிப் புழு தின்னும், இறங்கி வந்து அடுத்ததைத் தொடங்கும்.

மூன்று சக்கரம் முடிந்தது. புழுவும் முடிந்தது.

"நாலாவதுக்கு நல்ல வைரம் பாஞ்ச கட்டை தேடணும் அண்ணாச்சி. போயிட்டு வந்துடுறேன்."

"அதுக்குள்ள மழை வந்துட்டா?"

"நீங்களே சுருண்டு அச்சுல நில்லுங்க. அளவே உங்க அளவுதானே. வேற யாரு நின்னாலும் சட்டம் சாயும்."

மரங்கொத்தி பறந்ததும் மரவட்டையின் பெண்டாட்டி சொன்னாள்: "புழு தீர்ந்ததும் ஆசாரிக்குக் கட்டையும் தீர்ந்துபோச்சு, பாத்தீங்களா?"

"நீ சும்மா இரு. என் அளவு பிசகாதுன்னு அவரே சொல்லிட்டாரு."

மறுநாள் மழை பிடித்தது. மரவட்டை அச்சைச் சுற்றிச் சுருண்டு நின்றது. பெண்டாட்டி தள்ளினாள். சட்டம் உருண்டது. மரவட்டைக்கு வானம் தெரிந்தது, சேறு தெரிந்தது, மறுபடி வானம், மறுபடி சேறு. வலித்தது, ஆனாலும் விறகு நனையவில்லை. உள்ளே அடுப்பு எரிந்தது. குஞ்சுகளுக்குப் புதிதாகக் கால் முளைக்கத் தொடங்கியது.

நாலாம் நாள் மழைச் சத்தத்துக்கு நடுவே தூரத்து மரத்திலிருந்து டொக், டொக் என்று கேட்டது.

'என் சக்கரமாகத்தான் இருக்கும்' என்று நினைத்தது மரவட்டை. என்ன கட்டை கிடைத்திருக்கும்? புளியா, வேலமா? ஓட்டை போட்டாகிவிட்டதா, இன்னும் வட்டம்தான் செதுக்குகிறதா? நினைக்க நினைக்க இருப்புக்கொள்ளவில்லை. எட்டிப் பார்த்துவிடலாம் என்று தலையைக் கொஞ்சமே கொஞ்சம் நிமிர்த்தியது.

வட்டம் விட்டுப்போனது. சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இருந்த விறகெல்லாம் ஓடுகிற தண்ணீரில் விழுந்து ஊறிப்போனது. பொழுது சாய்வதற்குள் அடுப்பு அணைந்துவிட்டது.

மரவட்டை அந்த மழையிலேயே ஊர்ந்து போய், சத்தம் வந்த மரத்தில் ஏறியது. அங்கே கட்டையும் இல்லை, சக்கரமும் இல்லை. மரங்கொத்தி வேறு யாருடைய மரத்திலோ புழு தின்றுகொண்டிருந்தது.

"ஆசாரியாரே, என் சக்கரம்?"

"செய்யணும் அண்ணாச்சி. அளவுதான் மறந்துபோச்சு. ஒருநாள் வந்து எடுத்துக்கிறேன். நான் தொட்டதும் சுருண்டுக்கங்க. சுருளாம இருந்து அளவு பிசகினா அது என் குத்தம் இல்ல."

"எப்ப வருவீரு?"

மரங்கொத்தி அதற்குள் அடுத்த கிளைக்குப் போய்விட்டது.

மரவட்டை திரும்பி வந்தபோது, பெண்டாட்டி குஞ்சுகளை எல்லாம் நனைந்த விறகுக்கு அடியில் ஒதுக்கி வைத்திருந்தாள். மக்குகிற விறகில் லேசாக ஒரு வெதுவெதுப்பு இருந்தது. அடுப்புச் சூட்டில் கால் பங்கு தேறாது. அதை வைத்துத்தான் குஞ்சுகளுக்கு மிச்சக் கால்கள் மெல்ல மெல்ல முளைத்தன.

அன்று முதல்தான், மழைக்காலத்தில் ஈர விறகைப் புரட்டினால் அடியில் மரவட்டை கிடக்கிறது. யார் தொட்டாலும், ஆசாரி அளவெடுக்க வந்துவிட்டார் என்று உடனே சுருண்டு, கோணல் இல்லாமல் வட்டம் காட்டுகிறது. தொட்டவர்கள் போய் வெகுநேரம் ஆன பிறகும் விரிவதில்லை. மரங்கொத்தியும் மரத்துக்கு மரம் தட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த நாலாவது சக்கரம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.