பரோட்டா மாஸ்டருக்குத் தூக்கம் வந்த கதை

தென்காசிப் பக்கம் ஒரு ஊர்ல ஒரு பரோட்டா மாஸ்டர் இருந்தாரு. கோமதிநாயகம்னு பேரு. அவரு கொத்து பரோட்டா போட்டா 'டங்குடக்கு டங்குடக்கு'ன்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும். சாப்பிட்டு வந்தவனுக்கும் திரும்பப் பசிக்கும். கேக்கியா?

ம்.

அவரு வலது தோள்ல ஒரு வலி வந்து உக்காந்துச்சு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, நாலு வருசம்! கையைத் தூக்கினா 'சுருக்', எறக்கினா 'விண்விண்'. அப்புறம் கல்லுல சத்தம் 'டங்... டக்'னு சோந்து போச்சு. கடை முதலாளி சாகுல் பாய், "முடியலன்னா சொல்லுங்க மாஸ்டர், வேற ஆள் பாக்கேன்"னுட்டாரு. மாஸ்டருக்கு வேற தொழில் தெரியாதே!

அப்போ என்ன செஞ்சாரு? முதல்ல வைத்தியர்ட்ட போனாரு. அவரு எண்ணெய் போட்டு நீவி, கையை 'மளுக்'னு இழுத்துவிட்டாரு. ரெண்டு நாள் சொகம், மூணாம் நாள் பழையபடி. அப்புறம் மாத்திரை. வலி போகல, வயிறு கபகபன்னு எரிஞ்சுது. அப்புறம் பெரியாஸ்பத்திரி. படம் எடுத்துப் பாத்த டாக்டர், "எலும்பு நல்லாத்தான் இருக்கு. பயிற்சி சொல்லித் தர்ற ரூமுக்குப் போங்க"ன்னாரு.

அங்க சகாயமேரின்னு ஒரு அம்மா. கையைத் தூக்கச் சொல்லி, மடக்கச் சொல்லிப் பாத்தாங்க. அப்புறம், "ராத்திரி எப்படித் தூங்குறீங்க?"ன்னு கேட்டாங்க.

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துச்சு. "வலி விட்டாத்தானம்மா தூங்க? விடியுற வரைக்கும் போன்தான் பாப்பேன்."

"வலி தூக்கத்தைக் கெடுக்கும் அண்ணாச்சி. தூக்கம் கெட்டா அதே வலி ரெண்டு பங்காத் தெரியும். பயிற்சியோட சேத்து மூணு காரியம் செய்யுங்க. பொழுது சாஞ்சா டீ வேண்டாம். படுக்கையில போன் வேண்டாம். தூக்கம் வந்தாலும் வராட்டாலும் காலையில ஒரே நேரத்துக்கு எந்திரிங்க."

முதல் நாள் டீ இல்ல. 'ஆவ்வ்'னு கொட்டாவி விட்டுக்கிட்டே நாலு பரோட்டாவைக் கருக்கிட்டாரு!

அப்புறம் போன். கை அதுவாத் தேடிப் போச்சு. அவரு பொஞ்சாதி பிரமு, போனைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள்ள புதைச்சுட்டா. "எடுத்தீங்க, நாளைக்குச் சோறு கெடையாது!" அரிசிக்குள்ள 'கிர்ர்ர் கிர்ர்ர்'னு அடிக்குது. ரெண்டு பேரும் அசையலையே!

ம்... ஹி ஹி.

மூணாவதுதான் கஷ்டம். நாலு மணிக்குத்தான் கண்ணு மூடும், ஆறு மணிக்கு 'ட்ரிங்ங்'! பத்தாம் நாள் அழாத குறையா, "இது நமக்கு ஆகாது பிரமு"ன்னாரு. வலிக்கிற கைக்கு அடியில தலகாணியை அணைச்சு வச்சுட்டு அவ சொன்னா, "இன்னும் ஒரு வாரம் பாப்போங்க."

அப்புறம் ஒரு ராத்திரி, 'கொர்ர்ர்... புஸ்ஸ்...'

பிரமு எந்திரிச்சு உக்காந்துட்டா. நாலு வருசமாக் கேக்காத கொறட்டை! அவளுக்குச் சிரிப்பும் வருது, கண்ணுல தண்ணியும் வருது.

வலி ஓடிப் போச்சான்னா, இல்ல. தோள்லயேதான் இருந்துச்சு. ஆனா முன்ன மாதிரி அதட்டல. பயிற்சியும் விடல, தூக்கமும் விடல. மாசம் ஆக ஆகக் கை வாகா வந்துச்சு, கல்லுலயும் டங்குடக்கு டங்குடக்கு!

அப்போ கோயில் கொடைத் திருவிழா வந்துச்சு. கடையில நிக்க எடமில்ல. சாகுல் பாய், "விடிய விடிய ஓட்டுவோம் மாஸ்டர்!"னாரு. மாஸ்டர் கரண்டியைக் கழுவி வச்சாரு. "மணி பதினொண்ணு ஆச்சு பாய். நான் தூங்கப் போகணும்."

பாய் அவரை ஏற எறங்கப் பாத்தாரு. கிட்ட வந்தாரு. காதுல குசுகுசுன்னு கேட்டாரு: "மாஸ்டர், எனக்கும் ரொம்ப நாளா முட்டி குத்துது. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல. அந்தம்மா எந்த ரூம்ல இருக்காங்க?"

ம்...

அம்புட்டுதான். மாஸ்டர் படுத்தாச்சு, பாயும் படுத்தாச்சு, கதையும் படுத்தாச்சு. கண்ணை மூடு ராசா.