சுலோசனாவின் நீலக் கோட்டு

"குருவே, இது அநியாயம்!"

மாடிப்படி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் தணிகாசலம் சத்தம் போட்டார்.

குரு என்றதும் தாடியைத் தேடாதீர்கள். எஸ்தர் ரூபாவதிக்கு நாற்பத்து மூன்று வயது. விமானம் கூரையை உரசுகிற மாதிரி இறங்கும் பல்லாவரத்தில் வீடு. பழைய விமானப் பணியாளர்களின் யூனிஃபார்ம்களைத் தேடித்தேடிச் சேர்க்கிற ஒரு கூட்டம் நம் நாட்டில் இருக்கிறது, நம்புங்கள். அந்தக் கூட்டத்துக்கு எஸ்தர் சொன்னால் சொன்னதுதான்.

ஒரு கோட்டைப் புரட்டிப் பார்ப்பார். எந்தக் கம்பெனி, எந்த வருஷம், குளிர்கால உடுப்பா, வெயில்கால உடுப்பா, எல்லாம் ஒரு துண்டு அட்டையில் எழுதிக் காலரில் கட்டிவிடுவார். அந்த அட்டை இல்லாத கோட்டை அந்தக் கூட்டத்தில் நாய்கூட மதிக்காது.

சிஷ்யர் தணிகாசலத்துக்கு அறுபத்தெட்டு. கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்.

"என்ன சார் அநியாயம்?" என்றார் எஸ்தர்.

"கம்பெனி பேர் எழுதிட்டீங்க. வருஷம் எழுதிட்டீங்க. போட்டவங்க பேரை மட்டும் எழுத மாட்டேங்கறீங்களே!"

"தெரியாததை எழுத மாட்டேன் சார்."

"எனக்குத் தெரியும். இது என் பொண்டாட்டியோடது."

மேஜைமேல் கிடந்தது அந்தக் கோட்டு. கருநீலக் கம்பளி, மார்பில் வெள்ளி ஜரிகையில் இரண்டு இறக்கை. காலரில் பெயர் தைத்திருந்த இடத்தை மட்டும் யாரோ கத்தரித்திருந்தார்கள்.

தணிகாசலத்தின் மனைவி சுலோசனா ஒரு காலத்தில் தென்கடல் ஏர்வேஸில் ஏர் ஹோஸ்டஸ். கழுத்தில் தாலி ஏறினால் யூனிஃபார்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ என்பது அந்தக் கம்பெனியின் சட்டம். சுலோசனா போனாள். தணிகாசலத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு கம்பெனியும் இழுத்து மூடப்பட்டது.

ஆகாயத்தில் பறந்தவளைக் கொண்டுவந்து அடுப்படியில் நிறுத்திவிட்டோமே என்று மனுஷனுக்கு உள்ளுக்குள் ஒரே அரிப்பு. வருத்தமா என்று அவளைக் கேட்டிருக்கலாம். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில் அவளைக் கேட்காமல் கோட்டைத் தேடப் புறப்பட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் பல்லாவரம் சந்தையில் பழைய துணிக் குவியலுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார். கடைசியில் இது கிடைத்தது.

"அவ பேர் போட்ட அட்டையோட இதை அவ கையில கொடுத்துட்டேன்னா, எனக்கு மனசு ஆறிடும் குருவே. அவகிட்டேருந்து எடுத்தது திரும்பி வந்துடுச்சுன்னு ஆயிடும்."

எஸ்தருக்கு அந்தக் கிழவர்மேல் கொள்ளைப் பிரியம். அதற்காக அட்டையில் பொய் எழுத முடியுமா?

"இது அவங்களோடதுதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"கையோட மடிப்பைப் பிரிச்சு நீளம் விட்டிருக்கு. சுலோவும் உயரம். போட்டோவுல இருக்கிற அதே பட்டன். லைனிங் துணியில ரெண்டு இடத்துல கறை, ரெண்டும் காப்பி. சோதிச்சுப் பார்த்துட்டேன்."

"சரி. உங்க வீட்டம்மா எந்தக் கையால எழுதுவாங்க?"

தணிகாசலம் வாயைத் திறந்தார்.

"சாப்பிடறது வலது கை" என்றார்.

"எல்லாரும் அப்படித்தான் சார் வளர்த்திருக்காங்க. எழுதறது?"

"மளிகைச் சீட்டு அவதான் எழுதுவா. எழுதி மேஜைமேல வெச்சிருப்பா, நான் எடுத்துட்டுப் போவேன்." கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். "இந்தக் கோட்டுல எந்தெந்த நூல் மாத்தித் தெச்சிருக்குன்னு கேளுங்க, தூக்கத்துல எழுப்பினாலும் சொல்றேன்!"

"அதை நான் கேக்கலையே. அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

"ஐயையோ! அவளுக்கு எதுவும் தெரியாது. ரகசியமா வெச்சிருக்கேன்."

"அப்ப அட்டை கிடையாது."

தலைகீழாக நின்று பார்த்தார். எஸ்தர் அசையவில்லை.

மறுநாள் காலை சுலோசனா வந்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒரு தரம் முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறினாள். பின்னால் தணிகாசலம், பரீட்சை முடிவு பார்க்க வந்த பையன் மாதிரி.

கோட்டு ஸ்டாண்டில் மாட்டியிருந்தது.

"அட! தென்கடல்!" என்றாள் சுலோசனா. அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைத் தணிகாசலம் பார்த்தார்.

எஸ்தர் போய்க் கோட்டை வெறுங்கையால் கழற்றினார்.

"கையுறை! குருவே, கையுறை!"

கையுறை இல்லாமல் துணியைத் தொடாதே என்பதுதான் எஸ்தர் அவருக்குச் சொன்ன முதல் பாடம். தொட்டதற்காக ஒருமுறை அவரை வாசலோடு திருப்பி அனுப்பியும் இருக்கிறார். அதே எஸ்தர் இப்போது கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, "போட்டுப் பாருங்கம்மா" என்றார்.

சுலோசனா ஒரு கையை நுழைத்தாள். மறு கையை நுழைத்தபோது அக்குளில் பட்டென்று ஒரு தையல் விட்டது.

தணிகாசலத்துக்குப் பாதி உயிர் போயிற்று.

"பூசணிக்காய்க்குப் பட்டுச்சட்டை!" என்று சுலோசனா தன்னையே கேலி செய்துகொண்டாள். பிறகு நிமிர்ந்து நின்றாள். தோள் தானாகப் பின்னால் போயிற்று. வலது கை, யாரும் சொல்லாமலே, பேனா எடுக்கக் கோட்டின் உள்ளே இடது பக்கம் போயிற்று.

அங்கே பை இல்லை.

துழாவினாள். பை வலது பக்கம் இருந்தது.

"அடி ரோசலின்!" என்று ஒரே சிரிப்பு. "இது என்கூடப் பறந்த ரோசலின் கோட்டுங்க! அவ இடது கைக்காரி. பையைப் பிரிச்சு இந்தப் பக்கம் தெச்சுக்கிட்டு, எங்க சூப்பர்வைசர் மேடம்கிட்ட எவ்வளவு திட்டு வாங்கினா தெரியுமா? உசரமும் என் உசரம்தான். ஏங்க, இது எங்கே கிடைச்சது உங்களுக்கு?"

தணிகாசலம் பேயறைந்த மாதிரி நின்றார்.

"அப்ப உன்னோடது?"

"என்னோடதா?"

"அதைத்தான் சுலோ நான் இத்தனை வருஷமாத் தேடறேன். நீ திருப்பிக் கொடுத்த கோட்டு. சந்தை சந்தையா..."

சுலோசனா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போனீங்களா? நான் எங்கே திருப்பிக் கொடுத்தேன்? தொலைஞ்சு போச்சுன்னு ஒரு பொய்யைச் சொல்லிட்டுக் கையோட கொண்டுவந்துட்டேனே."

"கொண்டுவந்தியா? எங்கே?"

"குன்னூர்ல இருந்தப்போ தினம் காலையில ஸ்கூட்டர்ல காலேஜ் போவீங்களே, சட்டைக்குள்ள ஒரு கம்பளி உள்சட்டை போட்டுக்கிட்டு?"

"ஆமா. நீலக் கலர்."

"அதுதான்."

தலைக்குமேல் ஒரு விமானம் இறங்கியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

"நான்... நான் போட்டிருந்தேனா?"

"ராத்திரியெல்லாம் இருமுவீங்க. கம்பளி வாங்க நமக்கு எங்கே வழி இருந்துச்சு? கையை வெட்டி, இறக்கையைப் பிரிச்சு, பக்கத்துல துணி விட்டுத் தெச்சேன். அப்ப ஒடிசலா இருந்தீங்க, போதுமா இருந்துச்சு. எங்கே வாங்கினேன்னு ஒரு நாள்கூடக் கேக்கலை நீங்க."

"இப்ப அது எங்கே சுலோ?"

"நைஞ்சு போச்சு. அதை வெச்சுத்தான் கடைசியில ஸ்கூட்டர் துடைச்சீங்க."

தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ பேருடைய கோட்டுகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த மனுஷன்.

"வெட்டும்போது உனக்கு வருத்தமா இல்லையா?"

"இல்லாம? அழுதுக்கிட்டேதான் வெட்டினேன்." கோட்டின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். "உங்களைக் கட்டிக்கிட்டதுக்காக அழலை. பறக்கறது எனக்கு அவ்வளவு பிடிக்கும். ரெண்டும் வேற வேறங்க."

தணிகாசலம் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு கேட்டார்.

"மேலே எப்படி இருக்கும் சுலோ? சொல்லேன்."

சுலோசனா திரும்பி அவரைப் பார்த்தாள்.

எஸ்தர் திரும்பினார். பக்கத்து நாற்காலிகளில் அடுக்கி வைத்திருந்த கோட்டுகளை, கட்டிய அட்டைகளோடு, இரண்டு கையாலும் அள்ளித் தரையில் போட்டார்.

"உக்காருங்க" என்றாள் சுலோசனா. "சொல்ல நேரமாகும்."